வெட்டுப்பட்ட கரை

தூத்துக்குடியிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் பாதை, ஊரைத் தாண்டியதும் இரண்டாள் உயரக் கரை ஒன்றின் மேல் ஏறிவிடும். கரைக்குக் கிழக்கே உப்பளம், அதைத் தாண்டினால் கடல். மேற்கே சந்தனமாரி நகர். இருநூறு வீடு இருக்கும். முப்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே உடைமரமும் ஓர் ஓடையும்தான். பிளாட் போட்டு விற்றவன் ஓடையைத் தூர்த்து, அதற்கும் ஒரு தெருப் பெயர் வைத்துவிட்டுப் போனான். மேற்கே குளம் நிறைந்து மறுகால் விழுந்தால் தண்ணீர் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்து ரயில் கரையில் முட்டும். கரைக்கு அடியில் ஒரே ஒரு குழாய்ப் பாலம். அதன் வாயில் நகர்க்காரர்கள் கொட்டிய குப்பை.

அந்த மார்கழியில் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது.

பானுப்ரியா அந்தப் பாதையில் டிராக் வேலை பார்க்கிறவள். முப்பத்தைந்து வயது. கேங்கில் பதினான்கு பேர், அதில் பெண்கள் இரண்டு. ரயில்வே பரீட்சை எழுதிப் பாஸானபோது, இருபது கிலோ தூக்கிக்கொண்டு நூறு மீட்டர் நடக்க வேண்டும் என்று சொன்னார்கள். அவள் கணவன் செந்தில்வேல் தன் பலசரக்குக் கடையிலிருந்து இருபது கிலோ அரிசிச் சிப்பத்தை எடுத்து அவள் தோளில் வைத்து, தெருவில் தினமும் காலையில் நடக்க விட்டான். கையில் செல்போனை வைத்துக்கொண்டு நேரம் பார்ப்பான். "ஏளா, இன்னைக்கி ரெண்டு செகண்டு கொறச்சிட்ட" என்பான். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். அவன் அவளுக்கு அத்தை மகன். அவளைவிட ஆறு வயது மூத்தவன். கட்டிக்கொண்டு பதிமூன்று வருஷம் ஆகிறது.

மழையின் மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கே அவள் வேலைக்குப் போய்விட்டாள். அப்போது தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். மத்தியானம் குளம் உடைந்தது. துறைமுகப் பக்கம் கேங் அறையில் இருந்தவளுக்கு அது தெரியாது. டவர் செத்துக் கிடந்தது.

இரண்டரை மணிக்கு மேட் தேவபிரசாதம் அவளைக் கூப்பிட்டார். அவர்தான் கேங்குக்குத் தலைவர். நாசரேத் பக்கத்துக்காரர், ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம்.

"பானு, பாதைய ஒருக்கா நடந்து பாத்துட்டு வந்துரு. ரெண்டு பேரா அனுப்பணும், ஆளு இல்ல. சந்தனமாரி நகர் வரைக்கும் போனா போதும். உன் வீட்டையும் எட்டிப் பாத்த மாதிரி இருக்கும்."

சிவப்புக் கொடி, விசில், தண்டவாளத்தில் கட்டும் வெடி வில்லைகள் எல்லாம் பையில் இருந்தன. சக்கரம் ஏறினால் வெடிக்கும். சத்தம் கேட்டால் டிரைவர் வண்டியை நிறுத்துவார். பானு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தாள். காற்று கடல் பக்கத்திலிருந்து அடித்தது. பகல் மூன்று மணி, சாயங்காலம் ஏழு மாதிரி இருட்டிக் கிடந்தது.

நகர் கண்ணுக்குத் தெரிந்தபோது அவளுக்கு முதலில் புரியவில்லை. வீடுகளுக்குக் கீழ்ப்பாதி இல்லை. ஜன்னல்களின் மேல் விளிம்பும் மாடிகளும் மட்டும் நின்றன. தன் வீட்டு மாடியில் ஒரு நீலத் தார்ப்பாயும் அதற்கடியில் ஆட்களும் தெரிந்தார்கள். வேகமாக நடந்தாள். இருநூறு அடி நடந்ததும் பாதை இல்லை.

கரை வாய் பிளந்து கிடந்தது. மேற்கேயிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் உறுமிக்கொண்டு உப்பளத்துக்குள் இறங்கியது. தண்டவாளம் இரண்டும் சிலீப்பர் கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கின. அந்தப் பக்கம் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஐந்து ஆண்கள் மம்பட்டியோடு நின்றார்கள். நடுவில் நின்றவன் சாக்கைத் தள்ளிவிட்டு அவளைப் பார்த்தான். செந்தில்வேல்.

கையைத் தூக்கி என்னவோ கத்தினான். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

பானு திரும்பி ஓடினாள். மூன்று மணிக்குத் துறைமுகத்திலிருந்து நிலக்கரி வண்டி புறப்படும். அவள் வந்த வழியாகத்தான் அது வரவேண்டும். சிலீப்பர் மேல் கால் வழுக்கியது. விழுந்தாள், எழுந்தாள். அறுநூறு மீட்டர் வந்ததும் ஒரு வில்லையைத் தண்டவாளத்தில் கட்டினாள். இன்னும் அறுநூறு மீட்டர் போய் மூன்று கட்ட வேண்டும் என்பது விதி. பாதி தூரம் போவதற்குள் மழைக்குள் விளக்கு தெரிந்துவிட்டது. நின்ற இடத்திலேயே இரண்டைக் கட்டிவிட்டுக் கொடியை ஆட்டிக்கொண்டே பாதையின் ஓரத்துக்கு வந்தாள். எஞ்சின் அவளைத் தாண்டிப் போயிற்று. வெடி வெடித்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக இரும்பை அரைத்துக்கொண்டு அவளைக் கடந்தன. நிற்குமா நிற்காதா என்று தெரியாமல் அவளும் வண்டியோடு கூடவே ஓடினாள்.

நின்றது. எஞ்சின் மூக்குக்கும் பிளவுக்கும் நடுவே எண்பது அடி.

டிரைவர் இறங்கி முன்னால் போய்ப் பார்த்தார். பிறகு அப்படியே சிலீப்பர் முனையில் உட்கார்ந்துவிட்டார். மழை அவர் தலையில் பெய்துகொண்டிருந்தது.

*

மறுநாள் காலை பத்து மணிக்கு நகரில் சகதி மட்டும்தான் மிச்சம். பானு வீட்டுக்கு வந்தபோது செந்தில்வேல் கடையிலிருந்து நனைந்த மூட்டைகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். அரிசியும் உளுந்தும் ஊறிப் புளித்த வாடை தெரு முழுக்க நின்றது. பார்க்கிறவர்கள் எல்லாம் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவளைப் பார்த்ததும் அவளிடமும் சிரித்தார்கள்.

மகள் அபிநயா மாடிப்படியில் ஓடிவந்தாள். "எம்மா, உன்னைய டி.வி.ல காட்டுனாங்களாம். கரண்ட் இல்லாம எங்களால பாக்க முடியல."

செந்தில்வேலின் தங்கை சண்முகவடிவு பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டு மாதம் முடிந்துவிட்டது. சுவரைப் பிடித்தபடி நின்றாள். "மைனி, மாடிப்படி பாதிக்கு மேல முங்கிட்டு. தண்ணி ஏறிக்கிட்டே இருந்துச்சு. அண்ணன் மட்டும் போகலன்னா நேத்து நாங்க..." என்றவள் பானுவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அடுக்களையில் சகதி முழங்கால் அளவு இருந்தது. பானு தகரத்தால் வழித்துக் கொடுக்க, செந்தில்வேல் வாளியில் அள்ளி வெளியே கொட்டினான். நாலைந்து வாளி போன பிறகு பானு கேட்டாள்.

"அங்கன நின்னு என்ன கத்துனிய?"

"பின்னால போன்னு சொன்னேன். நீ நின்ன எடமும் அரிச்சுக்கிட்டு இருந்துச்சு."

"வண்டிய நெனைக்கல?"

"வண்டி எல்லாம் நிப்பாட்டியாச்சுன்னு காலையிலயே சொன்னாவ."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

"ஆளு ஏறுத வண்டிய நிப்பாட்டுனாவ. கரி வண்டிய நிப்பாட்டுனதா யாரு சொன்னா? நான் வேலைக்குச் சேந்து எத்தனை மழை பாத்தாச்சு. கரி வண்டி மழைக்கு நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா அத்தான்?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். "வடிவு நிறை வயித்தோட மாடில நிக்கா. அபி பயந்து போய் வாந்தி எடுக்கா. பின் தெருவுல ஆறு வீடு ஓட்டு வீடு, ஆளுக எல்லாத்தையும் தூக்கி நம்ம மாடில போட்டிருக்கேன். படகு ஒண்ணும் வரல. போனு இல்ல. கழுத்தளவு தண்ணில ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயி மனு குடுக்கச் சொல்லுதியா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் பானுவை உட்காரவிடவில்லை. வழித்த இடத்தையே திரும்பத் திரும்ப வழித்தாள்.

"அந்த டிரைவரால தண்ணி பாட்டிலக்கூடத் தொறக்க முடியல அத்தான். நான்தான் தொறந்து குடுத்தேன்."

செந்தில்வேல் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

*

கரை தொண்ணூறு அடி நீளத்துக்கு அரித்துப் போயிருந்தது. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் வேலை தொடங்கியது. துறைமுகப் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாகப் பாறாங்கல்லும் கிராவலும் வந்து இறங்கின. கேங் ஆட்கள் தொங்கிய தண்டவாளத்தை வெட்டி எடுத்தார்கள். மணல் மூட்டை கட்டக் கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. உப்பளத்தில் வேலை போன பெண்கள் நாற்பது பேர் வந்தார்கள்.

மழை நின்றதும் வெயில் வஞ்சனை இல்லாமல் அடித்தது. ஈர மண்ணிலிருந்து ஆவி எழுந்து முகத்தில் அடிக்கும். உப்பளத்துப் பக்கமிருந்து செத்த மீன் நாற்றம். கல்லை உருட்டி, மண்ணைக் கொட்டி, திமிசு போட்டு இறுக்கினால் மறுநாள் காலையில் ஒரு சாண் இறங்கியிருக்கும். மறுபடி கொட்ட வேண்டும். மத்தியானம் சந்தனமாரி நகரிலிருந்து பெரிய அண்டாவில் சாம்பார் சாதமும் கூட்டும் வந்தன. ஏற்பாடு செந்தில்வேல். அவனே கரண்டி பிடித்துப் பரிமாறினான். பானு தூக்குவாளியில் கொண்டுவந்த பழைய சோற்றைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மூட்டை கட்ட அவளோடு ஜோடி சேர்ந்தவள் சந்தனச்செல்வி. ஐம்பது வயது இருக்கும். உப்பு வாரி வாரி விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடந்தது.

"எந்தக் கட்டையில போறவன் வெட்டுனானோ, வெளங்குவானா அவன்" என்றாள், சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டே. "நாலு மாசமா வாருன உப்பு. ஓலை போட்டு மூடி வச்ச அம்பாரம் பானு, வீடு வீடா இருக்கும். ஒத்தப் பொழுதுல கரைஞ்சு போயிட்டு. இனி பங்குனி வரைக்கும் எங்களுக்கு வேலை கெடையாது."

"மழையிலதான் உடைஞ்சதுன்னு சொல்லுதாவ."

"மழை மம்பட்டி வச்சா வெட்டும்? தண்ணி வடிஞ்சதும் மொதல்ல வந்து பாத்தவ நான். கரையோட ஒரு ஓரம் சுவர் மாதிரி நேரா நின்னுச்சு. பொறவு அதுவும் சரிஞ்சிட்டு."

பானு ஊசியைக் கையில் குத்திக்கொண்டாள்.

வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த எஞ்சினியர் பெவின் சின்ன வயசுக்காரன். தூத்துக்குடி கடற்கரைத் தெருவில் பிறந்து வளர்ந்தவன். அளவு நாடாவோடு நாள் முழுக்க மேலும் கீழும் ஏறி இறங்கினான். ஒருநாள் தேநீர் நேரத்தில் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"பானுக்கா, நீங்க அன்னைக்கு எழுதிக் குடுத்த ரிப்போர்ட்ல, கரை அறுத்துக்கிட்டுப் போயிருந்ததுன்னு இருக்கு. அப்படியே இருக்கட்டும். திங்கக்கிழமை மதுரைல இருந்து விசாரணைக்கு வாராங்க. தண்ணியா அறுத்ததுன்னா, இருக்கிற குழாய் பத்தலன்னு நான் எழுதுவேன். பெரிய குழாய் கேக்கலாம். ஆளு வெட்டுனதுன்னு வந்துச்சுன்னா கேஸு, போலீசு. கரையப் பழையபடியே மூடிட்டுப் போயிருவாங்க."

அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தேவபிரசாதம் நேராகவே சொன்னார். "நீ என்ன கண்டியோ, நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். வாயத் தொறந்தா அவனுக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம், இந்த இருநூறு வீட்டுக்கும் கஷ்டம். யாருக்கு லாபம் சொல்லு? வண்டிதான் நின்னுட்டே. உனக்கு அவார்டு குடுக்கணும்னு எழுதிருக்காவ. ஆண்டவரு நல்லபடியா முடிச்சுக் குடுத்தார்னு விட்டுரு."

எல்லோரும் ஒரே திசையில் சொன்னார்கள். சொன்னதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் பானுவுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். கட்டிய வெடிகளை எண்ணி எண்ணிப் பார்த்தாள். அன்றைக்கு இரண்டு நிமிஷம் பிந்தி நடந்திருந்தால்? வழியில் செருப்பு வார் அறுந்தபோது நின்று கட்டியிருந்தால்? கழற்றி எறிந்துவிட்டு நடந்தது எதனால்?

செந்தில்வேலிடம் அவள் சண்டை போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவர் அந்த டிரைவர். பெயர் சுந்தரராஜ், வீடு மில்லர்புரம். ஐம்பதை நெருங்கும் வயசு. பின்னால் அவர் மனைவி. கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் மக்ரூன் டப்பாவும்.

"அன்னைக்கி உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலம்மா" என்றார், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி. "பேச வாயி வரல. அதான் இவளையும் கூட்டிக்கிட்டு வந்தேன்."

செந்தில்வேல் அவரை வாங்க வாங்க என்று சொல்லிவிட்டு, தேநீர் போட அவனே அடுக்களைக்குள் போனான். சுவரில் தண்ணீர் நின்ற கோடு டிரைவரின் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் ஓடியது. அவர் அதை நிமிர்ந்து பார்த்தார்.

"மொத வெடி கேட்டதும் பிரேக்க முழுசாப் போட்டுட்டேன். போட்ட பொறவு நம்ம கையில ஒண்ணும் இல்ல பாத்துக்கிடுங்க. அம்பத்தெட்டு பெட்டி கரி, பின்னால இருந்து தள்ளும். சும்மா உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கணும். அசிஸ்டெண்ட் எம்மா எம்மான்னு கத்துதான். எனக்குச் சாமி ஞாபகமெல்லாம் வரல. வீட்டுல கேஸை மூடுனேனான்னு ஒரு நெனப்பு. அவ்வளவுதான் வந்துச்சு."

"இன்னும் சரியாத் தூங்க மாட்டேங்காவ" என்றாள் அவர் மனைவி. "தூக்கத்துல கையி தானா இழுக்கு, பிரேக்கு போடுத மாதிரி."

செந்தில்வேல் தட்டில் தேநீரோடு வந்து நின்றான். சுந்தரராஜ் ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"யாரோ வெட்டுனாவன்னு ஒரு பேச்சு ஓடுதே அண்ணாச்சி. உங்க நகர்க்காரவதான்னு சொல்லுதாவ. நெசமா?"

பானு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன் பக்கம் திரும்புவது தெரிந்தது. அவள் தலையைத் தூக்கவில்லை.

"நெசந்தான்" என்றான் செந்தில்வேல்.

"ஆளு தெரியுமா?"

"நான்தான்."

சுந்தரராஜ் தம்ளரைக் கீழே வைத்தார்.

"வண்டி வரும்னு தெரியாதா?"

"எல்லாம் நிப்பாட்டியாச்சுன்னு சொன்னாவ..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். தட்டு கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று பார்த்தான். வைக்கவில்லை. "தெரியும்னும் சொல்ல முடியல, தெரியாதுன்னும் சொல்ல முடியல அண்ணாச்சி. வராதுன்னு வச்சுக்கிட்டேன். வரும்னு நெனச்சா மம்பட்டி கையில ஓடாது. அதனால நெனைக்கல."

சுந்தரராஜின் மனைவி எழுந்துவிட்டாள். "எந்திரிங்க. போவோம்."

அவர் எழவில்லை. உள் வாசலில் சண்முகவடிவு வயிற்றில் கை வைத்தபடி நிற்பதைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அன்னைக்கி இந்த மாடில எத்தன பேரு?"

"முப்பத்தோரு பேரு."

"எங்க வண்டில மூணு பேரு" என்றார் சுந்தரராஜ். அதை அவர் கணக்காகச் சொல்லவில்லை. சும்மா சொல்லிப் பார்த்தது போலிருந்தது. பிறகு எழுந்தார். "நான் யாருகிட்டயும் போயிச் சொல்ல மாட்டேன். சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? ஆனா என்னால உங்க கையால இந்தத் தேயிலைய குடிக்க முடியாது. தப்பா நெனைக்காதிய."

ஸ்கூட்டர் போயிற்று. செந்தில்வேல் தட்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். தேநீர் சிந்தி வேட்டியில் இறங்கியது.

"நாளைக்கி உன்னைய விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காவல்லா?"

"ஆமா."

"நானும் வாரேன்."

"எதுக்கு?"

"அவரு முன்னால சொல்லியாச்சு. இனி உன்னைய அங்கன நிக்க வச்சு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல." தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "பொண்டாட்டி காட்டிக் குடுத்துட்டான்னு ஊரு சொல்லக்கூடாதுளா. நானே சொல்லிருதேன்."

"ஊரு எப்படியும் சொல்லும்" என்றாள் பானு. பத்து நாளில் முதல் தடவையாக அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தட்டை அவன் மடியிலிருந்து எடுத்தாள். "வெட்டுனத நீங்க சொல்லுங்க. தண்ணி எவ்வளவு நின்னுச்சுங்கத நான் சொல்லுதேன். ரெண்டும் சேந்துதான் அவங்க காதுல விழணும்."

"அண்ணே, எனக்காகத்தானே" என்று சண்முகவடிவு வாய்விட்டு அழுதாள்.

"உனக்காகவும்தான்" என்றான் அவன். "போ, போயி ஒக்காரு. நின்னுக்கிட்டே இருக்காத."

*

ரயில்வே ஸ்டேஷனில் ஓர் அறையில் விசாரணை நடந்தது. மதுரையிலிருந்து வந்த அதிகாரிக்கு நரைத்த மீசை, மெதுவான பேச்சு. செந்தில்வேல் சொன்னதைக் கேட்டதும் பேனாவை மூடிவைத்துவிட்டு அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். கூட இருந்தவர்கள் பெயரைக் கேட்டார். "சாக்கு போட்டிருந்தாவ, மூஞ்சி தெரியல" என்றான். நம்பவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டார்.

பானு முறை வந்தது. பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றாள். யாரை? என் வீட்டுக்காரரை. ஏன் அன்றைக்கே எழுதவில்லை? எழுதக் கை வரவில்லை என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

"சரி, கையெழுத்துப் போடுங்க."

"இன்னும் இருக்கு சார். நான் பாக்கும்போது கரைக்கு மேக்கே பத்தடி தண்ணி நின்னுச்சு. கெழக்க முழங்காலுக்கும் கீழ. கொழாயி வாயி குப்பையால அடைச்சுக் கெடந்துச்சு. குப்பை போட்டது நாங்க. நாலு வருசமா அதைத் தோண்டாதது உங்க ஆளுக. இருநூறு வீட்டுத் தண்ணிக்கு அந்த ஒரு கொழாயிதான். இதையும் எழுதுங்க."

"அது இந்த விசாரணையில கேள்வி இல்லம்மா."

"கேள்வி இல்லன்னாலும் எழுதுங்க சார். எழுதலன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவரு வெட்டுனது மட்டும் பேப்பர்ல இருந்தா அது பாதி."

அதிகாரி பெவினைத் திரும்பிப் பார்த்தார். பெவின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பேனா மறுபடி திறந்தது.

மத்தியானம் செந்தில்வேலைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. ஜீப்பில் ஏறும்போது, "கடைச் சாவி அரிசி டின்னுக்குள்ள கெடக்கு" என்று மட்டும் சொன்னான்.

*

நகர் அவளிடம் பேசுவதை நிறுத்தியது. தெருக் குழாயில் அவள் குடம் வைத்தால் பேச்சு அடங்கும். "அவன் எங்கள காப்பாத்துனான், இவ அவன உள்ள தள்ளிட்டா" என்று அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். அபிநயா பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். ரயில்வே, தகவலை மறைத்ததற்கு மெமோ கொடுத்தது. அவார்டு பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. தேவபிரசாதம் மெமோவைக் கையில் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்குக் கடப்பாரை வேலை கொடுக்காமல் நிழலில் போல்ட்டு எண்ணும் வேலையைக் கொடுத்தார். பானு எண்ணவில்லை. போய்க் கடப்பாரையையே எடுத்துக்கொண்டாள்.

சந்தனச்செல்விக்கு விஷயம் தெரிந்த அன்று, பாதி தைத்த சாக்கைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"உன் புருசனா?"

"ஆமா அக்கா."

"நான் ஏசுனதெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்த?"

"ஆமா."

வேறு ஜோடியோடு போய்விட்டாள். இரண்டு நாள் திரும்பியே பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலை பானு ஒற்றை ஆளாக மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தபோது எதிர் முனையில் ஒரு கை பிடித்தது. "தூக்கு" என்றாள் சந்தனச்செல்வி. அன்று முழுக்க அவளோடுதான் தூக்கினாள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் சண்முகவடிவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பானு மண் அப்பிய யூனிபாரத்தோடு போய் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் செந்தில்வேலுக்கு ஜாமீன் கிடைத்தது. தினமும் காலை பத்தரைக்கு ஊருக்குள் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும். வழக்கு எப்போது முடியும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை. அவன் மெலிந்து வந்தான். நகரில் சிலர் மாலை வாங்கிக்கொண்டு வந்தார்கள். "அதெல்லாம் வேண்டாம், வீட்டுக்குப் போங்க" என்று அவன் கதவைச் சாத்தினான்.

கரையில் மிச்சமிருந்த நடு வாயை மூட உத்தரவு வந்தபோது பெவின் கரைமேல் அவளைத் தேடி வந்தான். "மூணு பெரிய குழாய் வைக்கச் சொல்லிட்டாங்கக்கா. ஆளு உள்ள நிமிந்து நடக்கலாம். கரை வெட்டுப்பட்டதுங்கிறதால தர மாட்டாங்கன்னுதான் நெனச்சேன். உங்க வாக்குமூலத்துல இருந்த பத்தடியையும் முழங்காலையும் அப்படியே எடுத்து வரைபடத்துல போட்டு அனுப்பினேன். இனிமே ஒருத்தன் வெட்டக் கூடாதுன்னா வெட்டத் தேவை இருக்கக் கூடாதுன்னு எழுதினேன்." சொல்லிவிட்டு வெட்கப்பட்டவன் மாதிரி தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

குழாய்களைக் கிரேன் இறக்கியது. மேலே கல், கல்லுக்கு மேல் மண், மண்ணுக்கு மேல் ஜல்லி. கடைசி மூன்று நாள் கேங் முழுக்க வரிசையாக நின்று சிலீப்பர் அடியில் ஜல்லி குத்தினார்கள். பானுவின் உள்ளங்கை கிழிந்து துணி சுற்றியிருந்தாள்.

தை கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்கு முதல் கரி வண்டி. மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. பிளந்த இடத்தின் ஓரத்தில் பானு பச்சைக் கொடியோடு நின்றாள். கிழக்கே உப்பளத்தில் பெண்கள் பாத்திகளைச் சீர் செய்துகொண்டிருந்தார்கள். மேற்கே நகர்க்காரர்கள் மாடிகளில் ஏறி நின்றார்கள். எஞ்சினில் யார் என்று அவள் பார்த்தாள். சுந்தரராஜ் இல்லை, வேறு யாரோ.

எஞ்சின் புதுக்கரையில் ஏறியதும் அவள் கால் அடியில் மண் அமுங்கியது தெரிந்தது. பெவின் குத்துக்காலிட்டுத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தேவபிரசாதத்தின் உதடு அசைந்தது. முதல் பெட்டி, இரண்டாவது பெட்டி.

அப்போது அவள் சட்டைப் பையில் போன் அடித்தது. வேலை நேரத்தில் அவள் எடுக்கமாட்டாள். எடுத்தாள்.

"ஸ்டேஷன்லதான் இருக்கேன். எனக்கு முன்னால நாலு பேரு நிக்காவ" என்றான் செந்தில்வேல். "வண்டி வந்துட்டா?"

"போயிக்கிட்டு இருக்கு."

"தாங்குதா?"

அவள் கொடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, போனை வண்டியின் பக்கமாக நீட்டிப் பிடித்தாள். கரி நிறைந்த பெட்டிகள் ஒவ்வொன்றாக, நடந்து போகிறவர்களைப் போல, தடக் தடக்கென்று மூன்று குழாய்களின் மேல் ஏறி இறங்கின. அந்தப் பக்கம் அவனுக்குப் பின்னால் யாரோ, "ஏ, கையெழுத்துப் போட வாரியா இல்லியா?" என்று அதட்டுவது கேட்டது. அவன் போகவில்லை. ஐம்பத்தெட்டுப் பெட்டியும் கடந்து, கடைசியில் கார்டு தன் பச்சைக் கொடியை அவளுக்குக் காட்டிவிட்டுப் போன பிறகும், அவன் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றான்.